ஐந்து புள்ளி இரண்டு

"ரத்தத்த மறுபடி உறைய வைக்கணும் அம்மா. இல்லன்னா மூளைக்குள்ள கசிவு நிக்காது. ஆனா உறைய வச்சா பம்புக்குள்ளயும் கட்டி விழலாம். நீங்கதான் சொல்லணும்" என்றாள் டாக்டர்.

லொரெட்டா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. மூன்று வருடமாகக் கணவன் எர்ஸ்கினின் சோர்ந்த இதயத்துக்குப் பதில், நெஞ்சுக்குள் வைத்த அந்த பம்புதான் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் கட்டி அடைக்காமலிருக்க, ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. மாத்திரையின் வேலை கெடாமலிருக்க, கீரையில்லாமல் விருந்தே இல்லாத அலபாமாவில் பிறந்து வளர்ந்தவனைக் கீரைப் பக்கமே விடாமல் காத்தாள். தேவாலய விருந்தில் எல்லார் முன்னாலும் கரண்டியைப் பிடுங்கியிருக்கிறாள். "ஒன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஜெயிலுக்கே போயிருக்கலாம்" என்பான். கீரையிலிருக்கும், ரத்தத்தை உறைய வைக்கும் அதே சத்தைத்தான் இப்போது ஊசியில் ஏற்றப் போகிறார்களாம்.

தலைவலி என்று சனிக்கிழமையே சொன்னான். தினமும் காலையில் அவன் இடுப்பிலிருக்கும் சின்னத் திரையைப் பார்த்து, பம்பு இழுக்கும் மின்சாரத்தை நோட்டில் எழுதுவது அவள் வேலை. அன்றும் வழக்கம்போல ஐந்து புள்ளி இரண்டு. எண் சரியாக இருந்ததால் வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டாள், பாவி.

கையெழுத்துப் போட்டாள்.

கசிவு நின்றது. மூன்றாம் நாள் காலை எர்ஸ்கின் கண் திறந்து, நர்சிடம் காபி கேட்டான். லொரெட்டா அந்த நர்சைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள். எட்டு புள்ளி நான்கு.

டாக்டர் அவளை வெளியே அழைத்துப் போனாள். பம்புக்குள் கட்டி விழுந்துவிட்டதாம், அதனால்தான் அது திணறிக் கூடுதல் மின்சாரம் இழுக்கிறதாம். அதைக் கரைக்க மருந்து கொடுத்தால் மூளை தாங்காது, புது பம்பு வைக்க இந்த நிலையில் நெஞ்சைத் திறக்கவும் முடியாது. எத்தனை நாள் என்று லொரெட்டா கேட்டாள். நாள் கணக்குதான் என்று மட்டும் பதில் வந்தது. தன் கையெழுத்தே அவனைக் கொன்றுவிட்டதாக அவளுக்குப் பட்டது. இல்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நோட்ட எடுக்கலையா? இன்னைக்கு எவ்ளோ?" என்றான் அவன். நாக்கு லேசாகக் குழறியது.

"அஞ்சு புள்ளி ரெண்டு."

"எங்க, காட்டு."

அவள் திரையை உள்ளங்கையால் மூடினாள். கையை எடுக்க மனம் வரவில்லை. எர்ஸ்கின் அந்தக் கையையும் அவள் முகத்தையும் வெகுநேரம் பார்த்தான்.

"சரி. அஞ்சு புள்ளி ரெண்டுன்னே எழுதிக்கோ" என்றான்.

திரையிலிருந்து கையை எடுக்காமல், நோட்டை மடியில் வைத்து மறு கையால் எழுதினாள். இடக்கை. எழுத்து கோணிக்கொண்டு போனது.