முகூர்த்தத்தில் வந்த செல்லோ

போத்தனூர் இளையோர் இசைக்குழுவின் முதல் கச்சேரி, பிள்ளைகள் வாசித்து மூன்று நிமிடம் கழித்துத்தான் கேட்டது. முதல் மூன்று நிமிடம் வயலின்களிலும் செல்லோக்களிலும் வில்கள் சத்தமில்லாமல் ஓடின. வில்களைக் கீழே வைத்த பிறகும் மூன்று நிமிடம் இசை ஓடியது. குழுவை நடத்திய தாமஸ் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். கேட்க வந்தவர்களோ போத்தனூர்க்காரர்கள், தாமதம் அவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாவது கச்சேரி ஆறு நிமிடம் தாமதம், மூன்றாவது பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் இரு மடங்கு என்பதை தாமஸ் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் கண்டுபிடித்தார். ஒரு பிள்ளை தனியாக வாசித்தால் உடனே கேட்கும். முப்பத்து நான்கு பேரும் அவருடைய கோலசைவுக்கு ஏற்ப வாசித்தால்தான் இப்படி. ஒத்திகைகளின் ஒலி வந்ததே இல்லை. செல்போனில் பதிவு செய்தால் நாற்காலி கிரீச்சிடுவது மட்டும் கேட்டது. அதனால் மணிக்கட்டு வளைவதைப் பார்த்தே சுருதி விலகியதைக் கண்டுபிடிக்க அவர் பழகிக்கொண்டார். பதினோராவது கச்சேரி முடிந்ததும் ஒரு பையனின் அப்பா கேட்டார். “மாஸ்டர், எம்பையன் என்னத்த வாசிச்சான்னு எப்பத்தானுங்க தெரியும்?” “செவ்வாக்கெழம வாங்க, தெரியும்” என்றார் தாமஸ். குழு ஒரே ஒரு போட்டிக்குப் போனது; அது பன்னிரண்டாவது. நடுவர்கள் பூஜ்யம் போட்டு, ‘ஒழுங்கு நன்று’ என்று எழுதினார்கள். ஞாயிறு வாசித்தது வியாழன் சாயங்காலம் நாலரை மணிக்கு அதே அரங்கில் வந்தபோது, அங்கே கூடியிருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பதினேழாவது கச்சேரி டிசம்பரில், வெள்ளலூர் சாலைக் கல்யாண மண்டபத்தில், மாலை ஆறு மணிக்கு நடந்தது. தாமஸின் மகள் கெசியாவுக்கு அன்றுதான், குழு பின்னணி வாசிக்க, முதல் தனி வாசிப்பு. வயது பதினாறு, செல்லோவில் மூன்று நிமிடம். சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு வரக்கூடாது என்று நான்கு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். அன்று அவளுடைய வில்லைப் பார்த்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, “எப்படிப்பா இருந்துச்சு?” என்று கேட்டாள். “மே மாசம் சொல்றேன், அம்மணி.” பிப்ரவரியில் நான்கு நாள் காய்ச்சலில் கெசியா இறந்துபோனாள்.

அவள் வாசித்தது வர நூற்று முப்பத்தாறு நாள், பன்னிரண்டு மணி, நாற்பத்தெட்டு நிமிடம் ஆகும். அதாவது மே மாதம் ஒரு முகூர்த்த நாளில், காலை ஆறு நாற்பத்தெட்டுக்கு. மண்டப மேனேஜர் ரசாக் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருந்த தம்பிதுரை, மகள் கல்யாணத்துக்கு அந்த நாளை எடுத்திருந்தார். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அந்த நேரம் முழுக்க மேளம் இருக்கும். வேண்டாத சத்தம் எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அது.

தாமஸும் மனைவி சாராளும் பஸ் ஏறி வெள்ளகோவிலுக்குப் போனார்கள். காபி கொடுத்து உட்காரவைத்து, தம்பிதுரை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “மொகூர்த்தத்துல மேளத்த நிறுத்தச் சொல்றீங்க. செத்த புள்ள வாசிச்சத எம்புள்ள மணவறைல உக்காந்து கேக்கோணுமாங்க?” என்றார். தாமஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த தம்பிதுரையின் மனைவி சென்னியம்மாள்தான், “ஏனுங்க, வாசிக்கறப்ப அந்தப் புள்ள உசுரோடதானுங்களே இருந்துச்சு?” என்று கணவரைக் கேட்டார்.

தம்பிதுரை தாமஸ் பக்கம் திரும்பினார். “எத்தன நிமிசமுங்க?”

“மொத்தம் இருவத்திரெண்டுங்க. எம்மகளது மூணு.”

“மூணு நிமிசம் நிறுத்தச் சொல்றேனுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.”

கல்யாணத்தன்று காலை தாமஸும் சாராளும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இசை சரியான நேரத்துக்கு வந்து மேளத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஐம்பத்தேழுக்குத் தம்பிதுரை கையை உயர்த்த, மேளம் நின்றது. மேடையின் இடப்பக்கம், கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பக்கத்திலிருந்து செல்லோ கேட்டது. கெசியா உட்கார்ந்த இடம் அது. எண்ணூறு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நடுவில் ஓரிடத்தில் அவள் தாமஸ் கோலால் காட்டியதைவிட நீளமாக நிறுத்தி மூச்சு எடுத்திருந்தாள். மற்ற முப்பத்து மூன்று பேரும் கோலை விட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு மேடையில் அவர் அதைக் கவனிக்கவில்லை. எதுவுமே கேட்காத பிள்ளைகள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சாராள் அவர் கையைப் பிடித்திருந்தார்.

மூன்று நிமிடம் முடிந்ததும் தாமஸ் எழுந்து கும்பிட்டார். “ஆச்சுங்க. மேளம் வாசிக்கச் சொல்லுங்க.”

கல்யாணத்தை நடத்திவைத்த அருமைக்காரர் வெள்ளியங்கிரி, தாலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணவறையிலிருந்தே சொன்னார். “உக்காருங்க மாஸ்டர். மத்த புள்ளைங்களும் வாசிச்சிருக்குதல்ல? கேட்டுப்போட்டே கட்டலாம். ஏழர வரைக்கும் நேரங் கெடக்குது.”

ஏழு பத்துக்குக் கடைசி ஸ்வரம் நின்றது. கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது. தாமஸும் சாராளும் எல்லோரோடும் சேர்ந்து அட்சதை போட்டுவிட்டு, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

குழு இப்போதும் வாசிக்கிறது. அதே மண்டபத்தில் வாசித்த பத்தொன்பதாவது கச்சேரி வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் ஆகும். அந்தத் தேதிக்கு மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம், அன்று இருபது நிமிடம் பாட்டு வரும் என்று ரசாக் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவர்கள் சமையல்காரரைப் பார்க்கப் போகிறார்கள்.