பாதி வேகத்தில் மேனேஜர்

அந்த மீன் காட்சியகத்தில் காலை ஏழு மணிக்கு வெளிச்சம் மேலிருந்து வராது. பக்கவாட்டிலிருந்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, நீலமாக வரும். இருபத்திரண்டு தொட்டிகளின் நீலமும் நடைபாதையில் கலந்து, தரையே மெல்ல அசைவதுபோல் இருக்கும். அந்தத் தரையில் நேராக நடக்கத் தெரிந்தவர்களுக்கே கால் கொஞ்சம் தடுமாறும். தடுக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தடுக்கி என்பது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கூட வேலை செய்பவர்கள் அவளுக்குச் சூட்டிய பெயர். ஈரப் படி, காய்ந்த படி, படியே இல்லாத இடம், எங்கேயும் அவளுக்குத் தடுக்கும். வயது முப்பத்தாறு. மீன்களுக்கு இரை வெட்டி, எடை போட்டு, வாளியில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. பெயரை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்களோடு ஒப்பிட்டால் இது செல்லப்பெயர்.

இரண்டு வருடம் முன்புதான் ஓர் உளவியலாளர் அவளை முழுதாக இரண்டு நாள் சோதித்துப் பார்த்து, இரண்டு பெயர் சொன்னார். டிஸ்லெக்சியா, டிஸ்ப்ராக்சியா. ஒன்று எழுத்தோடும் எண்ணோடும் உள்ள தகராறு, மற்றது கைகாலோடு உள்ள தகராறு. இரண்டுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அக்கா மூன்று தடவை படித்துக் காட்டினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு வரும் காகிதத்தையெல்லாம் அக்காதான் படித்துச் சொல்வாள்.

அவளுக்கு ஏழு வேலை போயிருக்கிறது. ஒன்றுக்குக்கூட அவள் அழுததில்லை. இந்த வேலை போனால் தாங்கமாட்டாள். இங்கே வந்த பிறகுதான் காலையில் வேலைக்குக் கிளம்பப் பயமில்லாமல் இருந்தது. தொட்டிக்கு மேலுள்ள மேடையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் உடம்பே யாருடையதோ போல லேசாகிவிடும். கைக்கும் காலுக்கும் இடையே இருக்கும் பழைய சண்டை கொஞ்ச நேரம் ஓயும். ஆனால் அவள் இன்னும் புரொபேஷனில் இருந்தாள். அதை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாகிவிட்டது. இன்னொரு தடவை நீட்ட மாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அவள்மேல் புகார் இரண்டு. இரை அறைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். இருபத்திரண்டு வரிசை, ஒன்பது பத்தி, எறும்பு மொய்த்த மாதிரி எழுத்து. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழியில் அது நழுவிவிடும், அவள் அடுத்த வரியில் போய் இறங்குவாள். அப்படித்தான் பதினாறாம் தொட்டியின் இறால் பதினேழுக்குப் போனது. இன்னொரு நாள் இரண்டு கையிலும் வாளியோடு மேடை ஏறும்போது ஒரு வாளி மத்தி மீன் முழுவதும் மேனேஜரின் புது ஷூவின்மேல் கொட்டியது. முதல் தவற்றை அவர் ஒருவேளை மறந்திருப்பார்.

அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. அட்டவணையை வெளிர் மஞ்சள் தாளில், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வாயால் சொல்லிப் பதிவு செய்து தர வேண்டும். வாளிக்கு ஒரு தள்ளுவண்டி. காலையில் கால் மணி நேரம் கூடுதலாக. அக்கா எழுதிக் கொடுத்தாள், உளவியலாளர் கடிதத்தையும் சேர்த்து அவள் கொடுத்தாள். முதல் கடிதம் வந்து சேரவே இல்லை என்றார் மேனேஜர். இரண்டாவதுக்கு, எல்லோருக்கும் ஒரே சட்டம்தான், உங்களுக்கு ஒன்று செய்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்று பதில் வந்தது. மூன்றாவதை அவள் கண் முன்னாலேயே படித்துவிட்டு, கொஞ்சம் கவனமாக இருந்தால் இதெல்லாம் தேவைப்படாது என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கவனமாக! பிறந்ததிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிகிறவளிடம் போய் அந்த மனிதர் அதைச் சொன்னார்.

ஒரு நாள் பெரிய தொட்டியின் மேடைக்கு மேனேஜர் கையில் கடிகாரத்தோடு வந்தார். யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு. மேடையில் தடுக்கியும் மீன் டாக்டரும் இருந்தார்கள். மீன்களின் உடல்நலம் அந்த அம்மாவின் பொறுப்பு, அவற்றைப் பழக்குவதும் அவர்தான். கீழே பச்சை கலந்த நீலத்தில் திருக்கைகள் தூக்கத்தில் நடப்பவர்கள்போல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

பெரிய தொட்டியில் இரை கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பலகை. வரிச் சுறாவுக்குக் கறுப்பு வளையம், மூத்த திருக்கைக்கு மஞ்சள் சதுரம், இளையதற்குச் சிவப்பு முக்கோணம். பலகையைத் தண்ணீரில் இறக்கினால் அதற்குரிய மீன் மட்டும் தன் இடத்துக்கு வந்து, தன் பங்கைத் தின்றுவிட்டுப் போகும். இல்லையென்றால் ஒன்றுக்கு வயிறு வெடிக்கும், இன்னொன்று பட்டினி கிடக்கும். கடைசியாக வந்த திருக்கைக்கு மட்டும் இது ஏறவே இல்லை. சோம்பேறி என்று அதற்குப் பெயர். அதற்காக டாக்டர் பலகையைப் பெரிதாக்கினார், நிறத்தை மாற்றினார், மோட்டார் சத்தம் கேட்காத மூலைக்கு இடத்தை மாற்றினார்.

அன்றைக்குச் சோம்பேறி வந்தது. வெள்ளைப் பலகையைத் தேடி, இறக்கை விரித்து, ஒரு போர்வை மிதந்து வருவதுபோல் அவ்வளவு மெதுவாக வந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தடுக்கிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"டாக்டர், இது பழகறதுக்கு எத்தன வாரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்பது."

"ஒன்பது வாரமும் கவனமா இருன்னு யாராச்சும் அதுகிட்ட சொன்னாங்களா?"

டாக்டர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "அது மீனும்மா," என்றார்.

"ஆமா சார். அது வாயத் தொறந்து கேக்கவே இல்ல, அதுக்கு எல்லாம் செஞ்சீங்க. நான் எழுதி மூணு தடவ கேட்டுட்டேன்."

டாக்டர் பலகையை உதறிவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: இரை மாறினால் பாதிக்கப்படுவது மீன். ஆகவே இரை கொடுப்பவருக்குப் புரிகிற அட்டவணை இருக்க வேண்டும் என்று தன் மாத அறிக்கையில் எழுதப்போகிறார், அந்த அறிக்கை நேராக மேலிடத்துக்குப் போகும். மேலிடம் என்ற சொல்லுக்கு மேனேஜரிடம் எப்போதும் நல்ல மதிப்பு உண்டு.

கொடுத்தார். வேண்டா வெறுப்பாகத்தான் கொடுத்தார். மஞ்சள் தாள் கிடையாது, அச்சு விதிப்படி எல்லாம் வெள்ளைதான். பழைய பல்புகளை அடுக்கியிருந்த ஒரு தள்ளுவண்டியைக் காலி செய்யச் சொன்னார். கால் மணி நேரம் முன்னாடி வேண்டுமானால் வந்துகொள்ளலாம். அட்டவணையைத் தானே போனில் பேசி அனுப்புவதாகச் சொன்னார். ஒரு மாதம். ஒரே ஒரு தவறு நடந்தாலும் கணக்கு முடிந்தது. "இனிமே உங்களுக்கு எது சொல்றதா இருந்தாலும் அதுலயே சொல்லிடறேன். நேர்ல பேச்சே வேணாம்," என்றார்.

மறுநாள் காலை பதிவு வந்தது. தகரக் கூரையில் மழை பெய்ததுபோல் பொரிந்து தள்ளியிருந்தார். இருபத்திரண்டு தொட்டியும் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிட்டன. மூச்சு விட்ட இடம்கூடத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறார் மனிதர். எறும்பெழுத்தாவது நின்ற இடத்தில் நின்றது, இது ஓடியது. இரை அறையில் எஃகு மேசைமேல் கையை ஊன்றி, அவ்வளவுதான், எட்டாவதும் போனது என்று நின்றாள்.

திரும்பக் கேட்கலாம் என்று விரலை வைத்தாள். அவள் விரல் என்றைக்கு வைத்த இடத்தில் போனது? பக்கத்திலிருந்த வேறெதையோ தொட்டது. போனிலிருந்து ஒரு புது மனிதர் பேசத் தொடங்கினார்.

"ஒண்... ணாம்... தொட்டி... மத்தி... ரெண்டு... கிலோ..."

மேனேஜரேதான், விரல் பட்டது ஒலியின் வேகத்தைக் குறைக்கும் பொத்தானில். ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து, அப்போதுதான் தூங்கி எழுந்து பேசுகிற மேனேஜர். எரிச்சலெல்லாம் நீண்டு, இளகி, கனிவுபோல் ஆகியிருந்தது. ஒரு தொட்டி முடிந்ததும் பதிவை நிறுத்தி, மத்தியைத் தராசில் போட இடம் இருந்தது. தடுக்கி சிரித்துவிட்டாள். பாதி வேகத்தில் அவர் எவ்வளவு நல்ல மனிதர்!

அந்த மாதம் முழுக்க அவர் அவள் காதுக்குள் குடியிருந்தார். நீல நடைபாதையில் தள்ளுவண்டி தானாக உருளுவதுபோல் உருண்டது. அவர் சொல்வார், அவள் அவரை நிறுத்திவிட்டு அள்ளுவாள். அவர் அடுத்ததைச் சொல்லும்வரை மீன்கள் கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், அவையும் அதே வேகத்தில் அவரோடு பேசுவதுபோல இருக்கும். எதிரே நிஜ மேனேஜர் விடுவிடுவென்று கடந்துபோவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்குக் கோபம் வரவில்லை. காதில் இருக்கிறவரோடுதான் அவளுக்கு வேலை.

இறால் மாறவில்லை. வாளி கவிழவில்லை. தடுக்கியது, அது தடுக்கத்தான் செய்யும். ஆனால் வண்டியைப் பிடித்துக்கொண்டு தடுக்கினாள்.

மாதத்தின் கடைசி நாள் பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. இருபத்திரண்டாம் தொட்டி முடிந்தும் குரல் நிற்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, அதுவும் பாதி வேகத்தில், ஏதோ பெரிய விலங்கு பெருமூச்சு விட்டதுபோல.

"அப்... புறம்... தப்பு... எதுவும்... இல்ல... வேல... நிரந்தரம்... வண்டி... ரெக்கார்டிங்... எல்லாம்... தொடரும்..."

அவள் கையிலிருந்த கணவாய் மீன் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. முதன்முறையாக அந்தக் குரலை முழு வேகத்தில் ஓடவிட்டாள். நாலு விநாடி. மென்று துப்பியதுபோல் இருந்தது, ஒரு சொட்டு அன்பு கிடையாது. அதனால் என்ன, எந்த வேகத்தில் கேட்டாலும் சொன்னது அதேதான்.

எஃகு மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். சந்தோஷத்தில்தான். ஏழு வேலைக்கும் சேர்த்து அழுததுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள். இந்த நேரத்தில் அழைத்ததும் அக்கா பதறிப்போனாள். என்ன காகிதம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்து அனுப்பு, படித்துச் சொல்கிறேன் என்றாள்.

"காகிதம் இல்லக்கா," என்றாள் தடுக்கி. "நீ உக்காரு. இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு."