கிணற்றுக்குள் எஞ்சின்

என் வீட்டுக்காரர் கிணற்றுக்குள் செத்து, காரியம் முடிந்த மறுநாளே அதே கிணற்றடியில் கார்பரேட்டர் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையில் கூழ் குடித்தேன். உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

அது பட்டாளத்தார் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிளின் எஞ்சின். அவரும் அவர் தம்பியும் பெங்களூரில் வாங்கி வந்து தண்ணீர் பம்போடு மாட்டினார்கள். கோடையில் தண்ணீர் ஆழத்துக்குப் போனதும், கிணற்றின் பாதியில் உத்திரம் போட்டு எஞ்சினையும் அங்கே இறக்கிவிட்டார்கள். அங்கே போனதும் அது இருமியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற அந்தக் கார்பரேட்டரின் திருகாணியை எஞ்சின் ஓடும்போதுதான் சரிபார்க்க முடியுமாம். அவர் இறங்கினார். ஏறவில்லை.

"பெரிய கார்பரேட்டரு போட்டதுதான் கோளாறு. பொகையாக் கக்கிடுச்சு. சின்னது போட்டிருந்தா ஆளு தப்பிச்சிருப்பாரு" என்றார் ஓசூர் மெக்கானிக் கோவிந்தப்பன். செத்த பிறகு வைத்தியம் சொல்ல எத்தனை பேர்! எஞ்சின் இருமலுக்குப் பெரியதைப் போடச் சொன்னவன் என் கொழுந்தன் முனிவேல். அன்றிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இப்போது சின்னதை மாட்டி, எஞ்சினை உதைத்துக் கிளப்பிவிட்டு மேலே வந்து நின்றான். புகை கண்ணுக்கே தெரியவில்லை. சூடேறியதும் மறுபடி இறங்கித் திருகாணியைத் திருக வேண்டியவனும் அவன்தான்.

கிணறு வெட்டுகிறவர்கள் செய்கிறபடி லாந்தரைக் கயிற்றில் கட்டி எஞ்சின் பக்கம் இறக்கினான்.

"ஜம்முனு எரியுது பாருங்கண்ணி. காத்து சுத்தம்" என்று வேட்டியை வரிந்து கட்டினான்.

"உங்கண்ணனும் வெளக்கு உட்டுப் பாத்துட்டுத்தானே எறங்குனாரு? அன்னிக்கும் எரிஞ்சுதே."

"அன்னிக்கு இருந்தது பெரிய கார்பரேட்டரும்மா" என்றார் கோவிந்தப்பன்.

"அப்ப நீங்க எறங்குங்களேன், பாக்கலாம்."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

முனிவேல் படியில் கால் வைத்துவிட்டான். "அண்ணன நாந்தான் கொன்னேன்னு ஊரே பேசுது. உடுங்கண்ணி."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவன் பனியனைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கன்னத்தில் ஒன்று விட்டேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய பெட்டைக்கோழி பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கூடையில் கட்டி, லாந்தருக்குப் பக்கத்தில் இறக்கினேன்.

"வெளக்கு எரிஞ்சா போதாதுடா. மூச்சு உடற உசுரு வேணும்."

காத்திருந்தோம். பிறகு இரண்டையும் தூக்கினோம். லாந்தர் எரிந்துகொண்டிருந்தது. கோழியின் தலை கூடைக்கு வெளியே தொங்கியது.

"சின்னது போட்டும்..." என்றான் முனிவேல்.

"ஆமாண்டா. வெளக்க அணைக்காம உசுர மட்டும் எடுக்குற வெசப்பொக இது. எதப் போட்டிருந்தாலும் அவரு போயிருப்பாரு. உன்னால இல்ல."

அவன் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். நான் கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவரைத் தூக்கிக் கிடத்தியபோதும் இப்படித்தான் சூடாக இருந்தார். வெறும் மயக்கம்தான் என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன்.