மயிலம்மாளின் துடிப்பு இருந்த குழல்

மயிலம்மாளின் நெஞ்சுத் துடிப்பு பதினோரு வருடம் மோகனூர் ஆஸ்பத்திரியின் மரக்குழலுக்குள் இருந்தது. 1924 வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் பழைய டாக்டர் அந்தக் குழலை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். எடுத்தபோது துடிப்பும் கூடவே போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் அவள் கரும்புக் காட்டு வேலைக்குப் போனாள். ஆனால் குழலை விட்டு ஒரு மைல் தாண்டினால் மூச்சு நின்றது. மகள் உண்ணாமலையைக் கட்டிக்கொடுத்து ஆத்தூருக்கு அனுப்பிய அன்று, ஊர் எல்லைப் புளியமரம் வரைதான் வண்டியோடு போக முடிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

1935இல் புது டாக்டர் ரப்பர் குழாயோடு வந்தார். அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார், சத்தமில்லை, செத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதினார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு களை வெட்டப் போனாள். திருத்தி எழுத அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அந்த மாதமே பழைய சாமான்களைச் சாட்சி வைத்து எரிக்கும்படி உத்தரவு வந்தது. பட்டியலில் மரக்குழலும் இருந்தது.

கம்பவுண்டர் சென்னிமலை நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. சனங்கள் கொண்டுவரும் சீசாக்களில் இருபது வருடமாக மருந்து ஊற்றிப் பழகிய கை. நெருப்பு வைக்குமுன் மரக்குழலின் வாயைப் புதுக் குழாயின் வாயோடு சேர்த்துச் சாய்த்து, சொட்டு சிந்தாமல் துடிப்பை ஊற்றிவிட்டார்.

"ஏனுங்க, அதை எம்பட நெஞ்சுலயே ஊத்தியிருக்கலாமில்லீங்க?" என்று மயிலம்மாள் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. திரும்ப ஊற்றப் பார்த்தார்கள். ரப்பர் குழாய்க்கு இரண்டு காது. ஒன்றைச் சாய்த்தால் துடிப்பு மற்றதில் போய் ஒளிந்தது. சென்னிமலை ஒரு வாரம் சோறு தின்னவில்லை.

மரக்குழலாவது அலமாரியில் கிடந்தது. இது டாக்டரின் கழுத்தில் தொங்கியது, சர்க்கார் அதை அவர் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் போகுமிடமெல்லாம் அவளும் போனாள். யார் நெஞ்சில் வைத்தாலும் இரண்டு துடிப்பு கேட்கும். ஒன்றைக் கழித்துவிட டாக்டர் பழகிக்கொண்டார்.

1938இல் அவருக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது. மயிலம்மாள் புளியமரத்தைத் திரும்பிப் பாராமல் தாண்டினாள். மூன்று வருடம் மகள் கையால் சாப்பிட்டாள். அவள் வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து உண்ணாமலை முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம் நடக்கும்போது அடுத்த மாற்றல் உத்தரவு வந்தது.

மகள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மயிலம்மாள் அவள் வயிற்றை ஒருமுறை தடவிக்கொடுத்தாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க சாமி," என்று டாக்டரிடம் கேட்டாள், "நமக்கு இந்தத் தடவ எந்த ஊருங்க?"