தையல் இல்லாத வயிறு

பாக்கியசாமியின் சாஸ்திரத்தில் மாற்றுப் பேச்சுக்கே இடமில்லை: உள்ளே ஒழுகினால் இஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன் வேறெப்படி நினைப்பான்? சைக்கிளிலிருந்து விழுந்த மகள் லீனாவுக்கு வயிற்றுக்குள் ரத்தம் ஒழுகுகிறது என்று டாக்டர் லோகேஸ்வரி சொன்னதுமே, அவன் மனத்துக்குள் பிள்ளையின் வயிறு இரண்டாகப் பிளந்துவிட்டது.

"ஹேண்டல் குத்தி மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, அண்ணே."

"அது எது டாக்டர்?"

"மலாய்ல லிம்பா லா."

பசாரில் இறைச்சிக்கடையில் தொங்குகிற லிம்பா! ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் குழாய், கம்பி, படம் என்று பொறுமையாக விளக்கினார். மனைவி சோஃபியா கேட்டுத் தலையாட்டினாள். அவன் காதில் ஏறியது 'இப்பவே செய்யணும்' மட்டும்தான். கையெழுத்துப் போட்டான்.

பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சோஃபியா ஜெபமாலையை உருட்டினாள். பாக்கியசாமி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயது வயிறு எவ்வளவு சின்னது! அதை எங்கிருந்து எங்கே கிழிப்பார்கள்?

நினைத்ததைவிடச் சீக்கிரமே கதவு திறந்தது. லீனா மயக்கத்தில் கிடந்தாள். தாதி போர்வையை விலக்கிப் பார்த்தபோது அவனும் பார்த்துவிட்டான். வயிற்றில் கட்டு இல்லை, தையல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. தொடையிடுக்கில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான்.

"தொறக்கவே இல்லியா? கைவிட்டுட்டீங்களா டாக்டர்?" அவன் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள வாங்கண்ணே," என்று கணினி முன்னால் நிறுத்தினார்.

திரையில் மகளின் ரத்தக்குழாய்கள் கறுப்பாகக் கிளைத்திருந்தன. ஒரு கிளையின் நுனியில் மை கொட்டியதுபோல ஒரு கறை விரிந்துகொண்டே போனது.

"இதான் லீக். தொடையில ஊசித் துளை போட்டு, மீஹூன் சேமியா இழை மாதிரி ஒரு குழாய விட்டு, இதுவரைக்கும் போனோம். சின்னச் சுருள் கம்பி ஒண்ண வச்சு அடைச்சிட்டோம். இப்பப் பாருங்க."

அடுத்த படத்தில் கறை இல்லை. பக்கத்துக் கிளைகளில் ரத்தம் தன் பாட்டுக்கு ஓடியது.

பாக்கியசாமி திரையருகே குனிந்தான். "இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"நெஞ்சு துடிச்சிக்கிட்டு இருக்கும்போதேதான். பிரஷர் ஏறியிருக்கு. இன்னும் சில நாள் படுக்க வச்சுக் கவனிக்கணும்."

இருபது வருடமாக இரும்பைப் பிரித்துப் பிழைத்தவன், கோயிலில் நிற்பவன்போலத் திரைமுன் கைகூப்பி நின்றான். மனிதன் மனிதனுக்கு இப்படியெல்லாமா செய்கிறான்!

படுக்கைக்குத் திரும்பியவன், மகளின் வயிற்றின்மேல் பட்டும் படாமலும் உள்ளங்கையை வைத்தான். அது மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

லீனா கண்ணைத் திறக்காமலே முனகினாள். "அப்பா, கைய எடுங்க லா. கூசுது."

அவன் வாய்விட்டு அழுதான்.