அறுபத்திரண்டு சதவீதம்

கேமரா வாடகைக் கடையின் பின்னறையில் அவள் சுவர்க் கடிகாரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சூடு ஆறிய பேட்டரியைக் கேமராவில் மாட்டி, கடிகாரத்துக்கு நேரே வைத்துப் பதிவை ஓடவிடுவாள். பேட்டரி உயிரை விட்டதும், கடைசிப் படத்தில் முள் எங்கே நிற்கிறதென்று பார்த்தால் போதும். எத்தனை நிமிஷம் தாங்கியது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுவாள். பதினொரு வருஷமாக இதே வேலை. வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்கு அவள் 'பேட்டரி அக்கா'.

முதலாளி புதிதாக நாற்பது பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார். அசல் கம்பெனிச் சரக்கில்லை. மேலே அச்சடித்திருந்த கொள்ளளவு எண் மட்டும் அசலைவிடப் பெரிது. அதில்தான் மனுஷர் மயங்கிவிட்டார். அசல் மூன்று மணி நேரம் தாங்கும் இடத்தில் இவை ஒரு மணி பத்து நிமிஷத்தில் படுத்துக்கொண்டன. அதுவும் எப்படி? திரையில் அறுபத்திரண்டு சதவீதம் மிச்சம் என்று காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்தன.

"சார், இது பொய் சொல்ற பேட்டரி. சீக்கிரம் தீந்தாக்கூட மாத்திக்கலாம். இது இருக்கு இருக்குன்னு சொல்லியே கழுத்தறுக்கும். திருப்பிக் குடுத்துடுங்க."

"வாங்கினது வாங்கினதுதான். உன் சீட்டையெல்லாம் கிழிச்சிட்டு அலமாரில அடுக்கு. அசல் பெரிய பார்ட்டிங்களுக்கு மட்டும்."

"என்னை நம்பித்தானே சார் எடுத்துட்டுப் போறாங்க..."

"உனக்குச் சம்பளம் குடுக்கறது அவங்களா, நானா?"

வீட்டில் கணவருக்கு இடுப்பு முறிந்து, மூட்டை தூக்குவது நின்று ஒரு வருஷம். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி நாற்பது சீட்டையும் எடுத்தாள்.

அடுத்த வாரம், வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் தாடிக்காரர் ஒருவர் வந்தார். சொந்தக் கேமரா வைத்துக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்கிறவர். ஒரு பழைய ஆலையின் புகைபோக்கியை வெடி வைத்துத் தகர்க்கிறார்களாம். அதைப் படமெடுக்கும் வேலை.

"ஒரே தடவைதான் விழும்கா. இன்னொரு தடவை விழுன்னு சொல்ல முடியாது. நாலு பேட்டரி, நல்லதாப் பாத்துக் குடுங்க."

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புது வரிசையிலிருந்து நான்கை எடுத்தாள்.

"கூட ரெண்டு வச்சுக்கங்களேன்" என்றாள் மெதுவாக.

"எதுக்கு? நாலே தாராளம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் சட்டையெல்லாம் செங்கல் தூசியோடு திரும்பி வந்தார். வெடி தாமதமாகியிருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் அறுபத்திரண்டு இருந்ததால் அவர் பேட்டரியை மாற்றவில்லை. வெடிக்கப்போவதாக எச்சரிக்கைச் சங்கு ஊதினார்கள், திரை இருண்டது, எட்டு வினாடியில் புகைபோக்கி தரையில் கிடந்தது.

"இனிமே எனக்கு வேலை குடுத்த அந்தக் கம்பெனி வாசல்ல என்னை நிக்கவிடுவானா? சொல்லுங்க சார்!"

"பேட்டரி மேல தப்பில்லப்பா. இந்தம்மா ஒழுங்கா சார்ஜ் போட்டிருக்காது" என்றார் முதலாளி.

"முழுசாத்தான் போட்டேன். ஒரு மணி பத்து நிமிஷம்தான் தாங்கும்னு சீட்டு எழுதி ஒட்டினேன். நீங்கதான் கிழிக்கச் சொன்னீங்க."

"நல்லா இருக்கே கதை! எங்க அந்தச் சீட்டு? காட்டு பாப்போம்."

தாடிக்காரர் முதலாளியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"அப்ப, தெரிஞ்சேதான் குடுத்தீங்களாக்கா?"

முதலாளியின் ஏச்சுக்கெல்லாம் அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது. இது சுருக்கென்று தைத்தது. இன்னும் இரண்டு தடவை வாடகை வேண்டாம் என்று சொல்லி முதலாளி அவரைத் தோளில் தட்டி அனுப்பினார்.

பிறகு அவளிடம், "நாளையிலேர்ந்து வராதே. கடை பேரைக் கெடுத்துட்டே" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

"இந்தா, நில்லு. நாளைக்கு எம்பொண்ணு பட்டம் வாங்குறா. படமெடுக்கணும். நாலு நல்ல பேட்டரி எடுத்து வச்சுட்டுப் போ. மத்தவனுக்கு எது எதுன்னு தெரியாது."

அவள் அலமாரி முன்னால் நின்றாள். ஆத்திரத்தில் கை ஒரு கணம் புது வரிசைக்குத்தான் போனது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று தோன்றியது, கையை இழுத்துக்கொண்டாள். அசல் பேட்டரிகளில் எட்டை எடுத்து, வீங்கியது பம்பரம்போலச் சுற்றும் என்பதால் கண்ணாடிமேல் வைத்துச் சுழற்றிப் பார்த்து, நான்கைத் தேர்ந்தாள். பித்தளை முனைகளைத் துடைத்துச் சார்ஜரில் செருகினாள்.

"முழுசா ஏற ரெண்டு மணி நேரம் ஆகும் சார்."

"ஆகட்டும். ஏறினதும் சொல்லிட்டுப் போ."

வேலை போனவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு சிவப்பு விளக்குகளும் பச்சையாகட்டும் என்று காத்திருந்தாள்.