ஹாலிஸின் புல்வெளியில் கட்டப்படாத வீடு

1

இந்தக் கதை எனக்குத் தபால் நிலையத்தில் கிடைத்தது. வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே எங்கள் ஊர். பனி உருகிப் பாதையெல்லாம் சேறாகும் மார்ச் மாதம். "எப்படி இருக்க, டெனிஸ்?" என்று கேட்டாள் கோனி விட்லோ. டெனிஸ் புஷார், இறந்துபோன தன் அப்பாவின் பெயருக்கு வந்திருந்த தபால்களை அள்ளிக்கொண்டு, காது கேட்காதவள்போல வெளியேறினாள். கோனி எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாலை வெயிலில் ஹாலிஸ் புஷாரின் புல்வெளி பொன்னாக...

(வேண்டாம். மனை விற்பவர்கள்தான் இப்படி எழுதுவார்கள்.)

மறுபடியும். கோனி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஹாலிஸின் பசுக்களுக்குப் பிரசவம் பார்த்தவள். பசுக்களும் பண்ணை வீடும் கைவிட்டுப் போன பிறகு, ஹாலிஸிடம் மிஞ்சியவை சாலையோரத்தில் நின்ற, டிரெய்லர் என்னும் தகரப்பெட்டி வீடும் அதன் பின்னால் விரிந்த புல்வெளியும்தான். பாஸ்டன்காரர் ஒருவர் அங்கே விடுமுறை வீடுகள் கட்ட விலை பேசினார். திறந்த வெளிகளில் கட்டடம் முளைக்காமல் காக்கும் எங்கள் ஊர் நில அறக்கட்டளையின் தலைவி கோனி, விடுவாளா? தேவாலயத்தில் பீன்ஸ் விருந்து வைத்து ஊரே பணம் திரட்டியது. நிலம் ஹாலிஸுக்கே. அதில் கட்டும் உரிமையை மட்டும் அறக்கட்டளை வாங்கிக்கொண்டது, இனி எக்காலத்திலும் யாரும் கட்டாமல் இருப்பதற்காக.

"டெனிஸுக்குன்னு ஒரு மூலைய ஒதுக்கி வைப்பமா?" என்று அன்றைக்கு ஹாலிஸ் கோனியிடம் கேட்டார்.

"அரிசோனால வெயில் காயுறவ, இந்தக் குளிருக்கா திரும்பி வரப்போறா? ஒரு வீடு முளைச்சாலும் வெளி போச்சு, ஹாலிஸ்."

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

3

டெனிஸ் வந்தாள். ஹாலிஸுக்குப் பக்கவாதம் என்றதும் கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டிரெய்லரில் எல்லோரும் படுக்க இடமில்லை. அது நின்ற துண்டு நிலமோ சதுப்பு. வேறு வீடு தாங்காது.

"ரெண்டு ரூம், ஒரு அடுப்படி. கல்சுவர் ஓரமா. ரோட்டுலருந்து பாத்தா தெரியக்கூடத் தெரியாது, கோனி."

"கட்ட முடியாது, டெனிஸ்."

"எங்க அப்பா நிலம்."

"நிலம் அவரோடதுதான். கட்டுற உரிமையத்தான் குடுத்துட்டாரே."

"குடுக்க வச்சது யாரு? நீங்கதான?"

(இங்கே கோனி பதில் சொல்ல வேண்டும். பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வக்கீல் மாதிரிப் பேசினாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.)

4

எனக்குக் கோனியைப் பிடிக்கவில்லை. ஒரு பிரதியில் அவளைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது; அதனாலேயே கிழித்துப் போட்டேன். பக்கத்து ஊர் அறக்கட்டளை ஒரு விதவையின் கண்ணீருக்கு ஒரே ஒருமுறை இளகியது. அதையே காட்டி மற்றவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். இன்று அந்தச் சரிவு முழுக்கக் கூரைகள். கடைக்குப் போகும்போதெல்லாம் கோனி அதைக் கடந்துதான் போகிறாள்.

டெனிஸுக்கு மட்டும் விலக்கு தரலாமா என்று முடிவுசெய்ய, ஊர் மன்றத்தில் அறக்கட்டளையின் கூட்டம். சக்கர நாற்காலியில் ஹாலிஸைத் தள்ளிக்கொண்டு வந்தாள் டெனிஸ்.

"மாட்டுக்கு இரக்கப்படுவா, மனுசனுக்குப் படமாட்டா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கோனியைக் குத்தியது. சிலர் சிரித்தார்கள்.

ஹாலிஸின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "அவள... திட்டாதீங்க. கையெழுத்து... என்னோடது."

பின்வரிசைக் குரலைவிட இதுதான் கோனிக்கு வலித்தது. ஆனாலும், வீடு கூடாது என்று உயர்ந்த கைகளில் முதல் கை அவளுடையது. கூடாது என்றே முடிவானது.

5

ஹாலிஸை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கார்கள். டெனிஸ் இல்லாத நேரம் பார்த்துக் கோனி போய் வந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் கேட்பார்: "புல்லு அறுத்தாச்சா?"

"ஆச்சு, ஹாலிஸ். நல்லாக் காஞ்சிருக்கு."

பிப்ரவரியில் இறந்துபோனார்.

இதற்கு மேல் என்னிடம் முடிவுகள் இருக்கின்றன. டெனிஸ் கோனியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (எழுதினேன். பொய்.) அல்லது, அறக்கட்டளை இளகுகிறது, கல்சுவர் ஓரம் ஒரு வீடு, உள்ளே ஹாலிஸ் தன் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி...

(முடிக்க முடியவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அறக்கட்டளையின் ஆள் ஒருவர், நிலத்தின் சொந்தக்காரரோடு எல்லையைச் சுற்றி நடந்து, யாரும் எதுவும் கட்டவில்லை என்று பார்த்து வரவேண்டும். இப்போது சொந்தக்காரி டெனிஸ். கோனி வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். ஜூன் மாதம் அவளே போனாள்.

நான் சாலையில் நின்று பார்த்தேன். டெனிஸ் முன்னால், பின்னால் வருபவளைத் திரும்பிப் பார்க்காமல். இடுப்பளவு புல்லிலிருந்து குருவிகள் எழும்பி எழும்பி அமர்ந்தன. கம்பி வேலி வந்ததும் கோனியின் முழங்கால் மடங்க மறுத்தது. தாண்டிப் போய்விட்ட டெனிஸ் திரும்பி வந்தாள். கீழ்க்கம்பியைப் பூட்ஸால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்து, கோனி குனிந்து நுழையும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதை மன்னிப்பு என்று எழுதக் கை பரபரக்கிறது. கம்பியைப் பிடித்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் நிலம் சரிந்து இறங்குகிறது. சாலையிலிருந்து ஆட்கள் தெரியமாட்டார்கள். அங்கே அவர்களைப் பேச வைப்பதென்றால் நீங்கள் பேச வையுங்கள். கோனியை மட்டும் சமாதானம் சொல்ல விடாதீர்கள். அவளுக்கு அது வராது.